ஒன்பது இருபது டீச்சர்

தலைமையாசிரியருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடுகூட விழுந்ததில்லை. மழை, காய்ச்சல், சொந்தக் கல்யாணத்துக்கு மறுநாள், எதுவும் அவரைத் தாமதப்படுத்தியதில்லை. இதை அவரே சொல்லுவார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

அப்படிப்பட்டவர் மேஜைமேல் அந்தப் பதிவேடு விரிந்து கிடந்தது. கணக்கு டீச்சர் பெயருக்கு நேரே, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு.

டீச்சர் அந்த உயர்நிலைப் பள்ளிக்கு வந்து முப்பத்தோரு வருஷம். இரண்டு மாதத்தில் ஓய்வு. சிறந்த ஆசிரியர் விருதுக்காக நிர்வாகக் குழு ஒரு படிவம் அனுப்பியிருந்தது. மறுநாள் மதியத்துக்குள் தலைமையாசிரியர் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். தேர்ச்சி விகிதம், நடத்தை எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டார். ‘நேரம் தவறாமை’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

ஒன்பது மணிக்குப் பள்ளி. டீச்சர் ஒன்பது இருபதுக்கு வருவார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும். அந்த இருபது நிமிஷத்துக்கு வேண்டிய கணக்கை முந்தின நாளே பலகையில் எழுதிவைத்துவிட்டுப் போவார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷத்தைப் பிடுங்கிக்கொள்வார். பிள்ளைகள் வைத்த பெயரே ஒன்பது இருபது டீச்சர்.

குமாஸ்தா பரிந்து பேசினார். அந்த ஒரு இடத்தில் மட்டும் ‘நன்று’ என்று எழுதினால் குடி முழுகிவிடாது என்றார். பொய் எழுதி விருது வாங்கிக்கொடுக்கும் வழக்கம் தனக்கில்லை என்று தலைமையாசிரியர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்.

டீச்சரையே கூப்பிட்டுக் கேட்டார்.

“தினமும் ஏன் டீச்சர் லேட்டு?”

“லேட்டுதான் சார். கோடு போட்டுக்குங்க.”

மன்னிப்பும் இல்லை, காரணமும் இல்லை. தலைமையாசிரியர் படிவத்தைக் காட்டினார். டீச்சருக்கும் ஆசை இருக்கத்தான் செய்தது. அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

தலைமையாசிரியருக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். மறுநாள் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, வழக்கம்போல் எட்டரைக்கு வந்தும் தன் அறைக்குப் போகாமல், பள்ளிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் நின்றுகொண்டார்.

எட்டே முக்காலுக்கு டீச்சர் வந்தார்.

தலைமையாசிரியர் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. டீச்சரோ உள்ளே போகவில்லை. வாட்ச்மேனின் ஸ்டூலை கேட்டோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டுத் திருத்த ஆரம்பித்தார். ஒன்பது மணி அடித்தது. அசையவில்லை.

ஒன்பது பதினெட்டுக்கு டவுன் பஸ் வந்து நின்றது. பதினோரு பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். டீச்சர் தலைகளை எண்ணினார். கடைசிப் பெண்ணுக்கு ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. அவள் கட்டி முடிக்கும்வரை நின்று, அவளை முன்னே விட்டுப் பின்னால் நடந்தார்.

தலைமையாசிரியரும் சாலையைக் கடந்து பின்னாலேயே போனார். பத்தாம் வகுப்பு சி பிரிவு. அந்தப் பெண் உள்ளே நுழைந்தாள். டீச்சர் வாசலில் கால் வைக்கப் போனார்.

வாசலுக்கு மேலே, நிர்வாகக் குழுவின் பழைய விதி ஒன்று பலகையில் பளிச்சென்று இருந்தது. தலைமையாசிரியர் இந்தப் பள்ளிக்கு வந்த முதல் வாரமே புதுப் பெயின்ட்டில் எழுதவைத்தது. ‘ஆசிரியர் நுழைந்தபின் மாணவர்க்கு அனுமதி இல்லை.’

அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“கையெழுத்தையாவது போட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கலாமே டீச்சர்?”

டீச்சர் திரும்பிப் பார்த்தார். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை.

“கையெழுத்துப் போட்டா மணி அடிச்சதும் உள்ள போயாகணும் சார். போடாம இருந்தா நான் ஒருத்திதான் லேட்டு. இந்தப் பிள்ளைங்க ஆலைப் பக்கத்துலேர்ந்து வர்றாங்க. அங்க பள்ளிக்கூடத்துல ஒன்பதாவது வரைக்கும்தான் இருக்கு. பத்தாவதுக்கு இங்கதான் வரணும். காலைல இந்த பஸ்ஸுக்கு முன்னாடி வேற பஸ் கிடையாது.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“ஒரு ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னேன். நல்லவர்தான். மறுநாளே மணி அடிச்சதும் வேற ஆளை என் வகுப்புக்கு அனுப்பிட்டார். கெஞ்சி வகுப்பைத் திரும்ப வாங்குறதுக்குள்ள ஒரு வாரம் ஆச்சு. ஒரு வாரமும் பிள்ளைங்க வெளியவே நின்னாங்க. அதோட வாயை மூடிக்கிட்டேன்.”

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்:

“விருது போனாப் போகட்டும் சார். அடுத்த வருஷம் இந்த வகுப்புக்கு லேட்டா வர ஒரு ஆள் வேணும். அதுதான் கவலை.”

தலைமையாசிரியர் தன் அறைக்குப் போனார். படிவத்தில், ‘எட்டே முக்காலுக்கே பள்ளிக்கு வந்துவிடுவார். நேரில் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த விதியை எடுத்துவிடும்படி நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதினார்.

விருது வந்தது. கடிதத்துக்கு, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது.

அடுத்த கல்வியாண்டில் புதிதாக ஒரு ஆசிரியை சேர்ந்தார். ஒருநாள் வருகைப் பதிவேட்டைப் புரட்டியவர், குமாஸ்தாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“என்ன சார், ஹெட்மாஸ்டர் பேருக்கு நேராவே தினமும் சிவப்புக் கோடு?”

“பத்தாவது சி-க்கு முதல் பீரியட் இப்ப அவர்தானம்மா,” என்றார் குமாஸ்தா. “நேத்து மறந்துபோய்ப் போடாம விட்டுட்டேன். கூப்பிட்டு, ‘என் கோடு எங்கேய்யா?’னு கேட்டு வாங்கிக்கிட்டார்.”