சார் சொன்ன வேர்

மூன்றாவது மாதிரித் தேர்விலும் என் மகள் நாற்பத்தொன்பதுதான்.

நாளைக் காலை நுழைவுத் தேர்வு. போன வருடம் ஐம்பதுக்கு ஐம்பது எடுத்தவர்களோடு கல்லூரியில் இடங்கள் தீர்ந்துவிட்டன. நாற்பத்தொன்பது எடுத்தவர்கள் காத்திருப்போர் பட்டியலில் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு வழி தேடிப் போனார்கள்.

அந்த ஒரு மதிப்பெண் எங்கே போய்த் தொலைகிறது என்று ஏற்கெனவே இரண்டு முறை வீடே அதிரக் கத்தியிருக்கிறேன். நான் நடத்தும் ஆங்கில வகுப்பில் முன்பெஞ்சில் உட்காரும் பெண் ஐம்பது வாங்குகிறாள். அதே வகுப்பில், அதே பாடம் கேட்கும் என் மகள் வாங்கவில்லை.

முந்தைய இரண்டு முறையும் மதிப்பெண் மட்டும்தான் வந்தது. இந்த முறை மாதிரித் தேர்வு நடத்தும் நிறுவனத்தார் விடைத்தாளையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மதியம் சாப்பிட்ட கையோடு அதை மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் எதிரில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

தப்பு பதினேழாவது கேள்வியில் இருந்தது.

கைக்குழந்தைக்கு ஆங்கிலத்தில் ‘இன்ஃபன்ட்’. அதில் ‘ஃபன்ட்’ என்ற வேருக்கு என்ன பொருள்? நடை, பேச்சு, பல், தூக்கம். இந்தக் கேள்வி வராத தேர்வே கிடையாது. மகள் ‘நடை’க்கு நேராகக் குறியிட்டிருந்தாள். ‘பேச்சு’தான் சரி என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம். மகள் மேல் இல்லை, திருத்தியவர்கள் மேல்.

‘இன்’ என்றால் இல்லை. ‘ஃபன்ட்’ என்றால் நடை. நடை இல்லாதது கைக்குழந்தை. பதினான்கு வருடமாக நான் நடத்தும் பாடம். முன்னொட்டைக் கழற்று, பின்னொட்டைக் கழற்று, நடுவில் நிற்கிற வேரைப் பிடி, அப்புறம் உலகத்தில் உனக்குத் தெரியாத சொல்லே கிடையாது என்று மேஜையைத் தட்டிச் சொல்கிறவன் நான். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயரே ‘வேர் சார்’. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர்களுக்குக் கண்டனக் கடிதம் எழுதத்தான் பெரிய அகராதியை அலமாரியிலிருந்து இறக்கினேன். தூசி தட்டும்போதே கடிதத்தின் முதல் வரி மனதில் தயாராகிவிட்டது. தங்கள் அறியாமை மிகவும் வருந்தத்தக்கது.

அகராதி ‘பேச்சு’ என்றது. பேசத் தெரியாதது கைக்குழந்தை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அப்போதும் அதையேதான் சொன்னது.

அதன் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். என்னை எடை போட வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் தலைமையாசிரியர். ஒரு மாணவி எழுந்து அந்தச் சொல்லைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. கைக்குழந்தைக்கு எது வராது என்று ஒரு நொடி யோசித்து, ‘நடை’ என்று ஒரே போடாகப் போட்டேன். தலைமையாசிரியர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவரே எழுதிக்கொண்ட பிறகு நான் நம்பாமல் என்ன செய்வது?

வகுப்பில் நாற்பது பேர். நாளைக்கு நாற்பது பேருக்கும் ஒரு மதிப்பெண் போகப் போகிறது, என்னால். மானம் போனால் போகட்டும் என்று கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஐம்பது வாங்கியவள் எப்படி வாங்கினாள் என்ற கேள்வி அப்போதும் என் மண்டையில் உதிக்கவில்லை.

அவளைத்தான் முதலில் கூப்பிட்டேன். மொழி வளர்ந்துகொண்டே இருக்கிறது, அறிஞர்களிடையே கருத்து மாறுகிறது என்றெல்லாம் சுற்றி வளைத்து ஒருவழியாக விஷயத்துக்கு வந்தேன்.

“அதுவா சார், தெரியும் சார். பரீட்சையில ‘பேச்சு’ன்னு எழுதணும், நீங்க கேட்டா ‘நடை’ன்னு சொல்லணும். சேர்ந்த அன்னைக்கே சீனியர் அக்காங்க எல்லாருக்கும் சொல்லிடுவாங்க.”

அடுத்து கடைசி பெஞ்சுக்காரன். அவனுக்குப் பட்டப்பெயர் கொட்டாவி. நான் நடத்திய ஒரு சொல்கூட அவன் காதில் ஏறியதாக ஆதாரம் இல்லை. அவனுக்கும் தெரிந்திருந்தது. “மனசுல வெச்சுக்காதீங்க சார்” என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னான்.

மூன்றாவது ஆளைக் கூப்பிடவில்லை.

ஆக, கொட்டாவிக்குக்கூடத் தெரிந்தது என் மகளுக்கு மட்டும் தெரியவில்லை. என் காதுக்கு வந்துவிடும் என்று அவளிடம் மறைத்திருப்பார்கள். அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி, பாவம், என்னிடம் திட்டும் வாங்கியிருக்கிறாள்.

உள்ளே திரும்பி வந்து, தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், மன்னித்துவிடு என்று அவளிடம் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

“தெரியும்ப்பா. அக்காங்க எனக்கும் சொன்னாங்க.”

பென்சில் முனையை ஊதிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்புறம் ஏம்மா மூணு தடவையும் தப்பா எழுதின?”

“ஒருத்தராவது நீங்க சொன்னத எழுத வேணாமாப்பா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தோன்றவில்லை.

நாளைக்கு மட்டும் வேண்டாம், பேச்சு என்றே எழுதிவிடு என்று கெஞ்சினேன். சரியென்று தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலை நம்பலாமா என்று தெரியவில்லை. பதினான்கு வருடமாக எல்லோரும் என்னிடம் அப்படித்தான் தலையாட்டி வந்திருக்கிறார்கள்.