நாலில் ஒன்று

"எது கீழே விழுந்தா உடையும்? தொட்டுக் காட்டும்மா."

தலைமையாசிரியை நீட்டிய பரீட்சை அட்டையில் நாலு படங்கள்: கண்ணாடி டம்ளர், தலையணை, கம்பளி, பந்து. எட்டு வயதுச் சிறுமி நாலையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத் தலையணையைத் தொட்டாள்.

பேச்சுப் பயிற்சி டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாயே திறக்காமல் வந்த பிள்ளைக்கு, பழைய விளையாட்டுச் சாமான்கள் அடைத்த இந்தப் பொந்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக ஊட்டியவள் அவள். பரீட்சை என்றால் பெரியவர்களுக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும், பாவம் குழந்தை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

தேறியவர்கள் வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது இந்தப் பேச்சுப் பயிற்சிக் குழுவின் சட்டம். மற்ற பிள்ளைகள் எல்லாரும் தேறிப் போய்விட்டார்கள். மிச்சம் இவள் ஒருத்திதான்.

போன வாரம் தலைமையாசிரியை டேப்போடு வந்து அறையை அளந்தாள். சிறுமி தரையில் உட்கார்ந்து படம் ஒட்டிக்கொண்டிருக்க, அவள் தலைக்கு மேலேயே பேச்சு நடந்தது.

"இவளும் தேறிட்டா குரூப்பே கிடையாது. இங்க ஜெராக்ஸ் மிஷினை வச்சிடலாம். உங்களையும் வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்க."

"மேடம், குழந்தை இருக்கா..."

"அட, அதுக்கு என்ன புரியப் போகுது!"

ஆக, பிள்ளை தேறினால் டீச்சருக்கு மூட்டை முடிச்சு. தேறாவிட்டால் பிள்ளைக்கு ஒரு வகுப்பு கீழே இறக்கம். நன்றாக வேலை செய்கிறவளையே வேறிடத்துக்குத் துரத்தும் ஏற்பாட்டை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ! டீச்சர் மட்டும் பிள்ளை தேறட்டும் என்றே சாமியை வேண்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"கடைசிக் கேள்வி. நல்லாக் கேளு. அண்ணன் குடையை மறந்துட்டு வெளியே போனான். தொப்பலா நனைஞ்சு வந்தான். எதனால?"

மழை, நாற்காலி, பூனை, வெயில். சிறுமியின் விரல் மழைப் படத்தின் பக்கம் போனது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரல் அதைத் தாண்டிப் போய்ப் பூனையின் மேல் உட்கார்ந்தது.

தலைமையாசிரியை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பூனையா நனைச்சுது அவனை? எனக்குத் தெரிஞ்சு இப்படி ஒரு பரீட்சையைப் பார்த்ததில்ல டீச்சர். அத்தனையும் தப்பு! கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டிருந்தாக்கூட நாலுல ஒண்ணு சரியா விழுந்திருக்குமே!"

"பயந்துட்டா மேடம். இன்னொரு தடவை..."

"விடுங்க. புரியற புள்ளையா இருந்தா இந்நேரம் புரிஞ்சிருக்கும். அடுத்த வருஷமும் குரூப்பை நடத்துங்க. மிஷின் வராந்தாவுலயே கிடக்கட்டும்."

அவள் செருப்புச் சத்தம் தேய்ந்தது. டீச்சர் அட்டைகளை அடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. தன் மாற்றல் தப்பியது நினைவிலேயே இல்லை. இந்தக் குழந்தைக்கு ஒன்றும் சொல்லித்தரத் துப்பில்லாமல் போனோமே என்று தாங்கமாட்டாமல் அழுதாள்.

சிறுமி எழுந்து வராந்தாவை எட்டிப் பார்த்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். டீச்சரின் முந்தானையை எடுத்து டீச்சரின் கண்ணையே துடைத்தாள்.

"அழாதீங்க டீச்சர், இனிமே உங்கள எங்கேயும் மாத்த மாட்டாங்க!"