செருப்புப் பிரிவில் ஒரு வாரப் பயிற்சி

கடையில் வருடாந்திர ஆள்மாற்றம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணைக் கூட்டி வந்த மேனேஜர், "உன் வேலையை இவளுக்குக் கத்துக் குடு" என்றார்.

செருப்புப் பிரிவு சீனியருக்குப் புரிந்துவிட்டது. இவள் தேறினால் தனக்குக் கல்தா. பதினோரு வருட அனுபவத்தை அப்படியே தலைகீழாகக் கற்றுக்கொடுத்தார்.

"யாராவது விலை கேட்டா, ஃபேனைப் பாரும்மா."

"சரிண்ணே."

"சைஸ் பத்தலைன்னா, உங்க கால்தான் பெருசுன்னு சொல்லு."

"சூப்பர்ணே!" நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் சீனியரின் கையைக் குலுக்கினார். "இன்னையிலேர்ந்து நீதான்யா சூப்பர்வைசர். உன் இடத்துல இந்தப் பொண்ணு. மூணு மாசம் இவ நல்லா வித்தாத்தான் உனக்கு வேலை. ஒழுங்காத்தானே கத்துக் குடுத்திருக்க?"

அதற்குள் ஒரு பெண்மணி செருப்பைத் தூக்கிக் காட்டி, "இது என்ன விலைம்மா?" என்றார்.

புதுப்பெண் குருநாதரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். பிறகு நிதானமாக ஃபேனைப் பார்த்தாள்.