பதினொரு விநாடி

கடைசிப் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள்.

வெட்டப்பட்ட மருதமரம். தரையோடு தரையாக அடிக்கட்டை.

அதன் கீழே அவள் எழுதிய ஒரு வரி: 'காரணம்: பொதுமக்களின் அறியாமை.'

தென்மாவட்ட வௌவால் பாதுகாப்பு மாநாடு. அரங்கில் நூறு பேர் இருக்கலாம். கல்லூரி ஆசிரியர்கள், வனத்துறையினர், மாணவர்கள். பழந்தின்னி வௌவால்கள் தங்கும் பதினான்கு இடங்களை மூன்று வருடங்கள் எண்ணிய ஆய்வு அவளுடையது. பதின்மூன்று இடங்களில் பெரிய மாற்றமில்லை. ஆலடிக்குறிச்சியில் மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பது இருந்த இடத்தில் இப்போது ஒன்றுகூட இல்லை.

அந்த ஊருக்கு அவள் போனதில்லை. மாணவர்கள் போய் எண்ணி வந்தார்கள்.

கைதட்டினார்கள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அறுபது வயதிருக்கும். ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பெயர் இசக்கியப்பன் என்றார். ஆலடிக்குறிச்சி வார்டு உறுப்பினர். ஆய்வு நடந்த ஊர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பியிருந்தார்கள். வந்தது அவர் ஒருவர்தான்.

"அந்த மரத்த வெட்டச் சொன்னது நாந்தாம்மா."

அரங்கம் திரும்பிப் பார்த்தது.

"காய்ச்சல் வந்த வருசம். டிவில ஒரு டாக்டரம்மா பேசுனாவ. வௌவால்ட்ட கிருமி இருக்கு, கிட்டக்க விடாதீங்கன்னு. ஊர்ல பச்சப்புள்ளைய இருக்கு. பயந்துட்டோம். பொகையப் போட்டு வெட்டிட்டோம். குட்டியள வயித்தோட ஒட்ட வச்சிக்கிட்டுத் தாய்வௌவாலுவ ரெண்டு நாளு ஊரையே சுத்திச் சுத்திப் பறந்துச்சு. அப்புறம் காணல."

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று டிவிக்காரர்களிடம் அவள் இருபது நிமிடம் பேசியிருந்தாள். விரட்டாதீர்கள், மரத்தை வெட்டாதீர்கள், கடித்த பழத்தைச் சாப்பிடாமலிருந்தால் போதும் என்றெல்லாம் சொல்லியிருந்தாள். அவர்கள் பதினொரு விநாடியை மட்டும் போட்டார்கள். முகக்கவசத்துக்கு மேல் அவளுடைய கண்கள். கீழே 'டாக்டர்' என்ற பட்டத்தோடு அவளுடைய பெயர்.

திருத்தம் கேட்டு ஒரு கடிதம் தட்டச்சு செய்தாள். அதற்குள் கல்லூரி முதல்வர் அழைத்து வாழ்த்தினார். சித்தி அழைத்தார். பள்ளித் தோழி அழைத்தாள்.

கடிதத்தை அனுப்பவில்லை.

அந்தப் பதினொரு விநாடியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதிருக்கது சரிதாம்மா," என்று திரையைக் காட்டினார் இசக்கியப்பன். "அறியாமதான். ஒரே ஒரு சங்கதி. அந்த டாக்டரம்மாவ ஒங்களுக்குத் தெரியுமா? கோவமெல்லாம் இல்ல. அவிய சொன்னது நெசந்தானான்னு ஒரு வார்த்த கேக்கணும். நெசம்னா, புள்ளையளக் காப்பாத்தத்தான் செஞ்சோம்னு மனசத் தேத்திக்கிடுவோம்."

யாரோ இருமினார்கள். முன்வரிசையில் அவளுடைய மாணவி குறிப்பேட்டிலிருந்து தலை தூக்கினாள்.

"தெரியலைங்க, ஐயா," என்றாள் அவள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"விசாரிச்சுச் சொல்றேன்."

அவர் ஒலிவாங்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளைக் கும்பிட்டார். அமர்வின் தலைவர் எழுந்து, தவறை ஒப்புக்கொள்ளும் இப்படிப்பட்ட மனம்தான் மாநாட்டின் வெற்றி என்றார். இந்த முறை கைதட்டல் நீண்ட நேரம் கேட்டது. அவளும் தட்டினாள்.

மதியச் சாப்பாட்டில் யாரோ அவளிடம் நல்ல ஆய்வு என்றார்கள். இன்னொருவர் தரவுகளைக் கேட்டார். தட்டில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே, இசக்கியப்பன் வாயிற்காவலரிடம் வழி கேட்டுக்கொண்டு வெளியே போவது தெரிந்தது.

மூன்று மணிக்குச் சிறந்த ஆய்வுரைக்கான பரிசை அறிவித்தபோது அவளுடைய பெயரை இரண்டு தடவை அழைத்தார்கள். மாணவி மேடையேறி வாங்கிக்கொண்டாள்.

அந்நேரம் அவளோ பேருந்து நிலையத்தில் ஊர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

ஆலடிக்குறிச்சிப் பேருந்து கிளம்பத் தயாராக இருந்தது. இசக்கியப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் பாதி எழுந்துவிட்டார். அவள் ஏறி, நடுவழிக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"எங்கம்மா, நம்மூருக்கா? கன்னு பாக்கவா வாறிய?" அவர் முகம் மலர்ந்தது. "மருதங்கன்னு ஒண்ணு நட்டுருக்கோம். ரெண்டு வருசம் ஆச்சு. இப்பத்தான் இடுப்பு ஒசரம் நிக்கி. அது மரமாவுறதுக்குள்ள நாங்க இருக்க மாட்டோம். இருந்தாலும் நட்டாச்சு."

நடத்துநர் வந்தார். அவள் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கினாள். முதல் தடவையாக அந்தப் பெயரை வாய்விட்டு ஓர் ஆளிடம் சொல்வதுபோல் இருந்தது.

"ஐயா, சாயங்காலம் ஊர்ல எல்லாரும் இருப்பாங்களா?"

"ஏழு மணிக்குள்ள வேல முடிஞ்சு வந்துருவாவ. எதுக்கும்மா?"

பேருந்து நகர்ந்தது.

அவள் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடுவழியைக் கடந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.