பச்சை விளக்கு

கைப்பேசிக்குச் சார்ஜ் போடும் அவசரத்தில், வகுப்பின் கவனத்தை அளக்கும் கேமராவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார் அறிவியல் ஆசிரியர் கதிரவேல். பச்சை விளக்கு அணைந்ததும் பத்தாம் வகுப்பே கொட்டாவி விட்டது. பாதிப் பேர் டெஸ்க்கில் கவிழ்ந்தார்கள்.

அரசுப் பள்ளிகளிலேயே அதிகக் கவனம் பதிவாகும் வகுப்பு அவருடையது. வீட்டில் மனைவிகூடக் காது கொடுக்காத பேச்சுக்கு இத்தனை மவுசா என்று அவருக்கே ரொம்ப நாள் சந்தேகம். முதலில் கேமராவைச் சந்தேகப்பட்டார், பிறகு தலைமையாசிரியரை.

"எல்லாரும் சேர்ந்து என்னக் கேலி பண்றீங்களா?"

முன்பெஞ்சு செண்பகவல்லி எழுந்தாள்.

"இல்ல சார். கவனம் கொறஞ்சா உங்கள மாத்திடுவாங்க. கணக்கு சாரயும் அப்படித்தான் மாத்துனாங்க. அதான் கண்ண முழிச்சுக்கிட்டே உக்காந்திருந்தோம்."

"ஏம்மா, பாடம் அவ்வளவு பிடிக்குமா?"

"பாடம் செம போர் சார். ஆனா ரோல் நம்பர் சொல்லாம, பேர் சொல்லிக் கூப்பிடறது நீங்க ஒருத்தர்தான்."