காலிக் கட்டங்களுக்கு அப்பால்

கண்ணாடிப் பெட்டிக்குள் குறைமாதக் குழந்தை கொட்டாவி விடுகிறது. பக்கத்தில் அதன் அம்மா, மடிக்கணினியில் நாளுக்கொரு வரிசையாக எடை அட்டவணை போட்டு, அதை வரைபடமாக்க நிரல் எழுதுகிறாள். எடை பார்க்கக் குழந்தையைத் தூக்கவே டாக்டர்கள் பயந்த நாட்களில் எடைக் கட்டம் காலி. "காலி வரிசையெல்லாம் தூக்கிடேன், கோடு அறுபடாம வரும்," என்கிறான் கணவன். அதற்கு நிரலில் ஒரே வரி போதும்; எழுதியும் விட்டாள். ஆனால் விரல் தயங்குகிறது. "அன்னைக்கும் இவ மூச்சு விட்டுக்கிட்டுத்தானேங்க இருந்தா?" அந்த வரியை அழிக்கிறாள். உள்ளங்கைகளைச் சூடுபறக்கத் தேய்த்தபடி நர்ஸ் வருகிறாள். "நகரும்மா, தங்கக்கட்டிய இன்னைக்குத் தூக்கலாம்னுட்டாரு டாக்டரு." ஜன்னல் வெயில் விழுந்த தராசில் குழந்தை வீறிடுகிறது. எண் ஓடி நிற்கிறது. அம்மா அதைக் கட்டத்தில் அடிக்கிறாள். திரையில், கோடு அறுந்த இடத்துக்கு அப்பால், சற்றே உயரத்தில் ஒரு புள்ளி பூக்கிறது.