காற்றில்லாத பெட்டியில் இரண்டு தகடுகள்

"என்னடி, மறுபடியும் அந்தப் பக்கம் சாயறே?" என்று ஸ்பிரிங் கேட்டது.

அதன் நுனியில் தொங்கிய சின்னத் தகடு, எதிரே திருகி நிறுத்தப்பட்டிருந்த பெரிய தகட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட அந்தப் பெட்டிக்குள் அவர்கள் மூவர்தான்.

"அவர்தான் இழுக்கறாருக்கா."

"கிழிச்சார்! வெற்றிடத்துலயும் அலைகள் இருக்கு. உங்க நடுவுல இருக்கிற இடுக்குல பெரிய அலை எதுவும் நுழைய முடியாது. உன் முதுகுப் பக்கம் எல்லா அலையும் இருக்கு. அது தள்ளுது, நீ போறே. இதுல அவருக்கு என்ன பங்கு?"

யாரோ ஒருவர் தன்னை விரும்பி இழுக்கிறார் என்ற நினைப்பைத் தவிர சின்னத் தகட்டிடம் வேறு எதுவும் இல்லை. கேட்காமலே இருந்திருக்கலாம். ஆனாலும் பெரிய தகட்டிடம் கேட்டுவிட்டது.

"நீங்க என்னைக் கூப்பிடவே இல்லையா?"

"கூப்பிட்டேன்," என்றது பெரிய தகடு. "சத்தமாக் கூப்பிட எனக்கு வராது."

மறுத்துப் பேச வாயெடுத்த ஸ்பிரிங், அதை விட்டுவிட்டுத் தன் பிடியை மயிரிழை அளவு தளர்த்தியது.